முதல் அழுத்தத்தில் எந்த வெளிச்சம்?

போன ஆனி மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தது. அப்பா மோட்டார் போடக் கிளம்பினார். கொல்லைக் கதவிலிருந்து மோட்டார் கொட்டகைக்கு இரண்டு வரப்பும் ஒரு வாய்க்காலும் தாண்ட வேண்டும். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தென்னை மரத்தைப் பாலமாகப் போட்டிருக்கிறோம். அதை நெருங்கும்போது வெளிச்சம் போதவில்லை என்று நடந்தபடியே டார்ச் லைட்டின் பொத்தானைத் தட்டியிருக்கிறார். வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாக வெட்டி வெட்டி மின்னத் தொடங்கியது. அந்த மின்னலில் மரம் துண்டு துண்டாகத் தெரிந்திருக்கிறது. கண் பார்த்தது ஓரிடம், கால் விழுந்தது வேறிடம். வாய்க்காலில் சேறுதான் இருந்தது, தண்ணீர் இல்லை. கணுக்கால் பிசகியதோடு தப்பினார். பத்து நாள் நொண்டி நொண்டி நடந்தார்.

அந்த டார்ச் லைட்டை வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால் அதைச் சரிசெய்வதும் என் வேலையாயிற்று. பல மாதம் இழுத்த அந்த வேலையில் என்ன செய்தேன், எங்கே தவறினேன், கடைசியில் வெளிச்ச நிலைகளை எந்த வரிசையில் வைத்தேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

அது அலுமினிய உடலும் ஒரே ஒரு 18650 லித்தியம் பேட்டரியும் கொண்ட டார்ச். பின்புறம் ரப்பர் பொத்தான். உள்ளே ஐந்து நிலைகள்: முழு வெளிச்சம், நடு வெளிச்சம், குறை வெளிச்சம், மின்னல், எஸ்.ஓ.எஸ். என்ற அபாயச் சைகை. இதே வரிசையில் வட்டமாகச் சுற்றும். நடு வெளிச்சத்திலிருந்து முழு வெளிச்சத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் குறை, மின்னல், எஸ்.ஓ.எஸ். மூன்றையும் கடந்தாக வேண்டும். இதைவிட மோசமான குணம் ஒன்றும் அதற்கு உண்டு. அணைத்துவிட்டு மறுபடி போட்டால், கடைசியாக இருந்த நிலைக்கு அடுத்ததில்தான் விழிக்கும். நேற்று எதில் அணைத்தோம் என்று நினைவு வைத்திருந்தால்தான் இன்று என்ன வரும் என்று சொல்ல முடியும். இருட்டில் வரப்பேறும் மனிதரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

இந்த வகை டார்ச் பொத்தானை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது விளங்கும். பொத்தான் நேரடியாகப் பேட்டரி மின்சாரத்தைத்தான் வெட்டுகிறது. முழுக்க அழுத்தினால் போடும் அல்லது அணைக்கும். எரியும்போது பாதி அழுத்திவிட்டால் ஒரு கண நேரம் மின்சாரம் அறுந்து திரும்பும். எல்இடிக்குப் பின்னால் இருக்கும் வட்டமான சின்னச் சர்க்யூட் போர்டுக்குப் பொத்தான் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டிரைவர் போர்டு என்று அதைச் சொல்வார்கள். மின்சாரம் போனது, வந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எவ்வளவு நேரம் போயிருந்தது என்பதை அறிய ஒரு வழி வைத்திருந்தால் ‘பாதி அழுத்தம்’ வேறு, ‘அணைத்துப் போட்டது’ வேறு என்று பிரித்துக்கொள்ளும். எங்கள் டார்ச்சில் அந்த வழி இல்லை. அப்பா அன்று மாட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

பிரிப்பதற்கு முன் அளந்து பார்த்தேன். பின்மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் வரம்பில் வைத்து, பேட்டரியின் அடிப்பாகத்துக்கும் டார்ச்சின் விளிம்புக்கும் இடையே தொட்டேன். முழு வெளிச்சத்துக்கு 1.6 ஆம்பியர், நடுவுக்கு 0.8, குறைக்கு 0.4. தாளில் பார்த்தால் பாதி, கால் என்று ஒழுங்காகத்தான் இருக்கிறது. கண்ணுக்கு அப்படி இல்லை. மூன்றையும் சுவரில் அடித்துக் காட்டி எது எது என்று அம்மாவைக் கேட்டால் தடுமாறினார்.

காரணம் கண்ணின் இயல்பு. ஹார்வர்டில் இருந்த எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1957இல் எழுதிய கட்டுரையால் பெயர் பெற்ற விதி ஒன்று உண்டு. இருட்டில் பரந்து தெரியும் வெளிச்சத்தைக் கண் உணரும் அளவு, ஏறத்தாழ ஒளியின் கனமூலத்தைப் போல வளர்கிறது என்பது அதன் சாரம். இரண்டு மடங்கு பிரகாசமாகத் தோன்ற எட்டு மடங்கு ஒளி வேண்டும். அப்படியானால் ஒளியைப் பாதியாக்கினால் கண்ணுக்கு நூற்றில் எண்பது பங்கு மிச்சம் இருக்கும். காலாக்கினாலும் அறுபது பங்குக்கு மேல் தெரியும். எங்கள் டார்ச்சின் மூன்று நிலைகளும் கண்ணுக்கு 100, 80, 63. இப்படி ஒட்டி ஒட்டி நிற்கும் மூன்றை எந்த வரிசையில் மாற்றி வைத்தும் பயனில்லை. வரிசையைப் பற்றி யோசிக்கும் முன் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும் என்று அன்றே எழுதிக்கொண்டேன்.

இன்னொரு குறையைக் கூடத்து மின்விசிறி காட்டிக் கொடுத்தது. குறை வெளிச்சத்தில் டார்ச்சைச் சுற்றும் விசிறியில் அடித்தேன். மூன்று இறக்கைகள் ஒன்பதாகி, நின்றும் நகர்ந்தும் விளையாடின. குழாயைச் சொட்டவிட்டு அடித்தால் தண்ணீர் மணிமாலையாகத் தொங்கியது. எல்இடியை வேகமாகப் போட்டுப் போட்டு அணைத்து, எரியும் நேரத்தைச் சுருக்கி வெளிச்சத்தைக் குறைப்பதுதான் வழக்கமான முறை. பிடபிள்யூஎம் என்பார்கள். இதில் அந்தத் துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தது. மின்னல் நிலைக்குப் போகாமலே இது ஓரளவு மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

குறை வெளிச்சம்தான் முதலில் வர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாகவே உண்டு. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, அம்மா. இரவில் மாத்திரை எடுக்க எழுந்தால் டார்ச்சைப் போடும் முன்பே உள்ளங்கையால் கண்ணாடியை மூடிக்கொள்வார். பிறகு விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவார். விரல் ஓரங்கள் சிவந்து ஒளிர, இடுக்கு வழியாகக் கசிந்த வெளிச்சத்தில் மாத்திரை அட்டையின் பெயரைப் படிப்பார். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி என்பதால் அதற்குப் பொருள் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. டார்ச்சில் இல்லாத ஒரு நிலையை அவர் கையால் உண்டாக்கிக்கொண்டிருந்தார். இருட்டுக்குப் பழகிய கண், பளீரென்ற வெளிச்சம் ஒன்று பட்டால் பழைய கூர்மையைத் திரும்பப் பெற அரை மணி நேரம்கூட ஆகும். முதலில் குறை வந்து அது போதவில்லை என்றால் இன்னொரு தட்டு தட்டினால் போதும். முதலில் முழு வெளிச்சம் வந்துவிட்டால் அந்த இழப்பை எத்தனை தட்டினாலும் திருப்ப முடியாது.

இரண்டாவது, கஜா. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களிடம் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். அப்போது வீட்டில் இருந்த டார்ச்சுக்கு ஒரே நிலை, முழு வெளிச்சம். இரண்டாம் இரவே பேட்டரி படுத்துவிட்டது. அந்த நாட்களில் எங்களுக்கு வேண்டியிருந்தது பாய் எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே என்று காட்டும் அளவு வெளிச்சம்தான். அதை முப்பது மணி நேரம் தரக்கூடிய பேட்டரியை இரண்டு மணி நேரத்தில் எரித்துத் தீர்த்தோம். இன்றும் அது மனத்தை உறுத்துகிறது.

ஆகவே அப்பாவின் டார்ச்சோடு, வீட்டில் சும்மா கிடந்த அதே ரகத்தின் இன்னொன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் டிரைவர் போர்டை மாற்றிவிடுவது என்று முடிவு.

முகப்பு வளையத்தைத் திருகினால் கண்ணாடியும் பிரதிபலிப்பானும் வெளியே வந்துவிடும். அதற்குப் பின்னால் எல்இடியைத் தாங்கும் பித்தளைக் குப்பி. எல்இடி முன்புறம், டிரைவர் போர்டு பின்புறம். போர்டின் விளிம்பை இரண்டு இடத்தில் ஈயம் வைத்துக் குப்பியோடு ஒட்டியிருந்தார்கள். 25 வாட் சால்டரிங் அயர்னால் அந்த ஈயத்தை இளக்க முடியவில்லை. பித்தளை சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டது. 60 வாட் அயர்ன் ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஈயம் உறிஞ்சும் செப்புத்திரியை வைத்து எடுத்தேன். முதல் குப்பியில் பொறுமையிழந்து நெம்பியதில் பழைய போர்டு உடைந்தது. போகிற போர்டுதான், ஆனாலும் நெம்பும்போது எல்இடிக்குப் போகும் கறுப்பு வயரும் அறுந்து, அதை மாற்ற ஒரு மாலை போயிற்று.

புதிதாக வாங்கியது 105சி என்று அழைக்கப்படும் 17 மில்லிமீட்டர் போர்டு. டார்ச் திருத்துகிறவர்களுக்குப் பழக்கமானது. எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஏஎம்சி 7135 என்ற சில்லு அதில் எட்டு இருக்கும். ஒவ்வொன்றும் 350 மில்லிஆம்பியர், எட்டும் சேர்ந்து 2.8 ஆம்பியர். இவற்றை ஆட்டி வைப்பது ஏடி டைனி 13ஏ என்ற எட்டுக்கால் மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நிரலை ஓட்டும் குட்டிக் கணினிச் சில்லு. நிரலுக்கு 1 கிலோபைட் இடம், வேலை நினைவகம் வெறும் 64 பைட். ஒரு டார்ச்சுக்கு இது தாராளம். போர்டின் விளிம்பில் நட்சத்திரம் போட்ட பொட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்றை ஓரத்து வளையத்தோடு ஈயத்தால் இணைத்தால் மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு கால் பேட்டரியின் எதிர்முனையோடு சேரும். நிரல் அதைப் படித்து நடந்துகொள்ளும்படி எழுதலாம். இது பின்னால் பெரிதும் உதவியது.

நிரலை ஏற்ற யுஎஸ்பிஏஎஸ்பி என்ற சிறு கருவியும், எட்டுக்காலையும் ஒரே கவ்வாகக் கவ்வும் கிளிப்பும் வேண்டும். முதல் மாலை முழுவதும் ‘சில்லு பதில் சொல்லவில்லை’ என்ற செய்திதான் திரையில். வயரைச் சந்தேகித்தேன், யுஎஸ்பி துளையைச் சந்தேகித்தேன், சில்லு செத்துவிட்டது என்றே ஒரு கட்டத்தில் முடிவுகட்டினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, கிளிப்பின் பல் பக்கத்தில் இருக்கும் பாகத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, ஒரு கால் மட்டும் தலைமுடி அளவு தூக்கலாக இருந்தது. கிளிப்பின் பிளாஸ்டிக் ஓரத்தை நகவெட்டியின் அரத்தால் ஒரு மில்லிமீட்டர் தேய்த்தேன். அடுத்த முயற்சியிலேயே பதில் வந்தது. இதைச் செய்யப்போகிறவர்கள் சில்லைச் சந்தேகிக்கும் முன் கிளிப்பைத் தேயுங்கள். இன்னொன்று, நிரல் ஏற்றும்போது பேட்டரி இணைப்பில் இருக்கவே கூடாது. யுஎஸ்பியிலிருந்து 5 வோல்ட் வரும்.

சில்லு எப்படி ஓட வேண்டும் என்ற அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் ஃபியூஸ் பைட்டுகள் இரண்டு. பதினறும எண் முறையில் கீழ்ப் பைட்டுக்கு 75, மேல் பைட்டுக்கு எஃப்எஃப் வைத்தேன். முதலாவது சில்லை 4.8 மெகாஹெர்ட்ஸில் ஓட வைக்கிறது. அந்த வேகத்தில் எல்இடியின் துடிப்பு நொடிக்குச் சுமார் 9,400. மின்விசிறிச் சோதனையில் இறக்கைகள் சாதாரண மங்கலாகத் தெரிந்தபோது நிம்மதியாக இருந்தது. இரண்டாவது பைட், மின்னழுத்தம் தாழ்ந்தால் சில்லை நிறுத்தும் காவல் ஏற்பாட்டை அணைத்து வைக்கிறது. அதை அணைத்ததற்குக் காரணம் உண்டு.

பாதி அழுத்தத்தையும் முழு அணைப்பையும் பிரித்தறியும் வழி வேண்டும் என்றேன் அல்லவா? அந்த வழி வேலை நினைவகத்திலேயே இருக்கிறது. மின்சாரம் போனதும் நினைவகம் அந்தக் கணமே வெறுமையாகிவிடுவதில்லை. சில்லின் கால்களோடு சேர்ந்த சின்னக் கபாசிட்டரில் மிஞ்சிய மின்னூட்டம் கொஞ்ச நேரம் அதைத் தாங்கிப் பிடிக்கும். மூன்று பைட்டுகளில் ஒரே எண்ணை எழுதி வைத்து, நிரல் தொடங்கும்போது அவற்றைச் சுழியாக்காமல் விடச் சொன்னேன். விழித்ததும் நிரல் பார்க்கும். மூன்றும் அப்படியே இருந்தால் மின்சாரம் கணப்பொழுதுதான் போயிருக்கிறது, எனவே பாதி அழுத்தம், அடுத்த நிலைக்குப் போ. ஒன்று கலைந்திருந்தாலும் நிஜமாகவே அணைத்துப் போட்டிருக்கிறார்கள், முதல் நிலையில் தொடங்கு. காவல் ஏற்பாடு ஓடினால் அந்த மிச்ச மின்னூட்டத்தைத் தானும் பங்குபோடும் என்பதால்தான் அதை அணைத்தேன்.

நான் இந்த வேலையில் மிகவும் மதிப்பது இந்தப் பகுதியைத்தான். எப்போது போட்டாலும் ஒரே வெளிச்சம். நேற்றின் நினைவு எதுவும் டார்ச்சுக்கு வேண்டாம், மனிதருக்கும் வேண்டாம்.

அடுத்து அளவுகள். கண்ணுக்குச் சம இடைவெளியில் மூன்று படி வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுமை. கனமூலக் கணக்குப்படி ஒளியில் அது 27இல் 1 பங்கு, 8 பங்கு, 27 பங்கு. நிரலில் வெளிச்சம் 0 முதல் 255 வரை என்பதால் 9, 76, 255 என்று வைத்தேன். சிறிய எண்களில் சில்லு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. 1க்கும் 2க்கும் எல்இடி எரியவே இல்லை, 3க்கு ஒரு மஞ்சள் பொட்டாக மட்டும் தெரிந்தது. ஏஎம்சி சில்லுகள் விழித்துக்கொள்ளவே கொஞ்ச நேரம் எடுக்கின்றன, துடிப்பு அதைவிடக் குறுகினால் வெளிச்சம் கணக்கைவிடக் குறைகிறது. 9இல் அம்மாவால் மாத்திரைப் பெயரைப் படிக்க முடியவில்லை. 12 ஆக்கியதும் படித்தார். மீட்டர் 0.1 ஆம்பியர் காட்டியது. 2,600 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஏறத்தாழ 26 மணி நேரம். நடு வெளிச்சத்துக்கு மூன்று மணி நேரம், முழு வெளிச்சத்துக்கு ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு.

மின்னலும் எஸ்.ஓ.எஸ்.ஸும் நிரலில் இல்லவே இல்லை. அவற்றுக்கு உண்மையான தேவை உள்ளவர்கள் உண்டு. எங்கள் வரப்பில் அவற்றுக்கு வேலை இல்லை.

இரண்டு டார்ச்சையும் குறை, நடு, முழு என்ற வரிசையில் முடித்து, ஒன்றை அப்பாவிடமும் ஒன்றை அம்மாவிடமும் கொடுத்தேன். அம்மா முதல் இரவே உள்ளங்கையை எடுத்துவிட்டார். அடுத்த நாள் நான் கேட்கும் வரை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “நல்லாத்தான் இருக்கிறது, கண் கூசவில்லை” என்றார். அவ்வளவுதான்.

அப்பா நான்காம் நாள் டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி, கதவைத் திறந்து போட்டால் மின்மினி மாதிரி எரிகிறது. படியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க அதற்குள் ஒரு தரம் தட்ட வேண்டியிருக்கிறது. முதல் அடி வைக்கும்போதுதான் எனக்கு வெளிச்சம் வேண்டும்.”

கட்டுவிரியன் நடமாடுவது இரவில்தான், கண்ணாடி விரியன் வயலோரத்தில் உண்டு. இதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தும் கட்டிலிலிருந்து எழுகிறவரை மனத்தில் வைத்து யோசித்த வரிசையைப் படியிறங்குகிறவர் கையில் கொடுத்திருக்கிறேன். குறை வெளிச்சம் போதவில்லை என்றால் இன்னொரு தட்டு தட்டினால் போதும் என்ற என் வாதம் அவர் விஷயத்தில் செல்லாது. அந்த ஒரு தட்டுக்குள் அவர் கால் தரையில் இருக்கும்.

அப்படியானால் முழு வெளிச்சமா முதலில்? கேட்டால் “ஆமாம்” என்றுதான் சொல்லியிருப்பார். கேட்காமல் இரண்டு இரவு அவரோடு கூடவே நடந்தேன். அதில்தான் நிறையத் தெரிந்தது. டார்ச்சை இடுப்புயரத்தில், தரையோடு சாய்த்துப் பிடிக்கிறார். புல்லின் நிழல் நீளமாக விழுகிறது, மேடு பள்ளம் தெரிகிறது. மூன்றடி முன்னால்தான் பார்வை. இந்தத் தூரத்துக்கு முழு வெளிச்சம் போட்டுக் காட்டினேன். பனி நனைந்த புல்லிலிருந்தும் வாய்க்கால் ஓரத்துச் சேற்றிலிருந்தும் வெள்ளையாகத் திரும்பி அடித்தது. வட்டத்துக்குள் கண் கூசியது, வட்டத்துக்கு வெளியே இருட்டு முன்னைவிடத் தடித்தது. நடு வெளிச்சத்துக்குத் திருப்பியதும் அவர் நடை தானாகச் சீரானது. முழு வெளிச்சம் அவருக்கு வேண்டியிருந்தது இரண்டே இடத்தில்தான். பாலத்தருகே நின்று கொட்டகைப் பக்கம் ஒரு வீச்சு, திரும்பும்போது வயலில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒரு வீச்சு.

சரி என்று நடு, முழு, குறை என்று வைத்துக் கொடுத்தேன். இதற்காக மூன்றாம் முறையாகக் குப்பியைக் கழற்றினேன். இந்த டார்ச்சில் போர்டை வெளியே எடுத்தால்தான் கிளிப் மாட்ட முடியும். அடுத்த இரவு பாலத்தருகே முழு வெளிச்சத்தில் கொட்டகையைப் பார்த்துவிட்டு, நடு வெளிச்சத்துக்குத் திரும்பப் பொத்தானைத் தட்டினார். வட்டத்தில் அடுத்தது குறை. முழு வெளிச்சத்துக்குப் பழகிவிட்ட கண்ணுக்குக் குறை வெளிச்சம் என்பது கும்மிருட்டு. பாலத்தில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக அப்படியே நின்றுவிட்டார். நான் என் டார்ச்சை அடித்த பிறகுதான் கால் எடுத்தார். ஆனியில் அவர் விழுந்த அதே இடம். எனக்கு நெஞ்சு படபடத்தது.

அதுவரை எது முதலில் என்ற கேள்வியை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தேன். எதற்குப் பின் எது என்பதும் அதே அளவு முக்கியம். முழு வெளிச்சமும் குறை வெளிச்சமும் வட்டத்தில் அடுத்தடுத்து இருக்கவே கூடாது. குறை, நடு, முழு என்ற என் முதல் வரிசையிலும் இந்தத் தவறு இருந்திருக்கிறது. முழு வெளிச்சத்தைத் தாண்டி ஒரு தட்டு தட்டினால் மறுபடி குறைக்குத்தான் விழும். அம்மா முழு வெளிச்சம் வரை போகவே இல்லை என்பதால் அது தெரியவரவில்லை.

மூன்று நிலைகளை வட்டமாக வைத்தால் எல்லாமே ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் இருக்கும். வழி என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். தீர்வு மிக எளிது. நடு வெளிச்சத்தை இரண்டு முறை எழுதிவிட்டேன். குறை, நடு, முழு, நடு. நான்கு இடம் கொண்ட வளையம். முழு வெளிச்சத்திலிருந்து எப்போது தட்டினாலும் நடுதான் வரும், குறையிலிருந்து தட்டினாலும் நடுதான். எந்தத் தட்டும் ஒரு படிக்கு மேல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. நிரலில் கூடியது ஒரே ஒரு எண்.

இதில் இன்னொரு நன்மையும் தானாக வந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனி வரிசை தேவையில்லாமல் போயிற்று. வளையம் ஒன்றேதான், தொடங்கும் இடம் மட்டும் வேறு. அம்மாவுக்குக் குறையில் தொடங்கி நடு, முழு, நடு. அப்பாவுக்கு நடுவில் தொடங்கி முழு, நடு, குறை. தொடங்கும் இடத்தை விளிம்பு நட்சத்திரத்தில் கட்டிவிட்டேன். ஈயப் பொட்டு வைத்தால் நடுவில் தொடங்கும், வைக்காவிட்டால் குறையில். இரண்டு போர்டுக்கும் ஒரே நிரல்.

பேட்டரி தீரும் நேரத்துக்கும் இதே எண்ணத்தைத்தான் நீட்டினேன். சில்லின் ஏழாம் கால் பேட்டரி மின்னழுத்தத்தை அளக்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அணைத்துவிடுவது பேட்டரிக்கு நல்லதுதான். வரப்பு நடுவில் நிற்பவருக்கு அது நல்லதில்லை. எனவே ஒரு படி இறக்கச் சொன்னேன், முழுவிலிருந்து நடு, பிறகு நடுவிலிருந்து குறை. குறையில் கடைசி வரை எரியட்டும். பேட்டரிக்குள்ளேயே பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள ரகமாகப் பார்த்து வாங்கிவிட்டேன், அளவுக்கு மேல் வடிந்துவிடாமல் அது பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு சிக்கல் மிஞ்சியது. அப்பா தட்டினால் சில சமயம் நிலை மாறாமல் மறுபடி நடுவிலேயே வந்து நின்றது. என் கையில் ஒரு முறைகூட அப்படி நடக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கட்டைவிரலைக் கவனித்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரல். ரப்பரை மெதுவாக அமுக்கி, அடியில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு விடுகிறார். அரை நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் நினைவகம் கலைந்து, அணைத்துப் போட்டதாக டார்ச் எண்ணிவிடுகிறது. வெக்கையான இரவுகளில் இது அதிகம் நடந்தது. சூடு ஏறினால் அந்த நினைவு இன்னும் சீக்கிரம் அழியும். “வேகமாகத் தட்டுங்கள்” என்று அறுபத்தேழு வயதுக்காரரிடம் சொல்ல எனக்கு மனமில்லை. சில்லின் மின்சாரக் கால்களுக்கிடையே இருந்த கபாசிட்டரின் முதுகில் 10 மைக்ரோஃபேரட் கபாசிட்டர் ஒன்றை ஏற்றிப் பற்றவைத்தேன். எள்ளை விடக் கொஞ்சம் பெரிய பாகம், இடுக்கியில் பிடித்து வைப்பதற்குள் இரண்டைத் தரையில் தொலைத்தேன். இப்போது ஒன்றரை நொடி வரை அழுத்திப் பிடித்தாலும் தட்டாகவே எடுத்துக்கொள்கிறது.

குப்பிக்கும் உடலுக்கும் இடையே வெப்பப் பசை தடவி, ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் பூசி மூடினேன். முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிட்டுத் தலைப்பகுதியைத் தொட்டால் கை வைத்திருக்கக் கடினமாக இருக்கிறது. 2.8 ஆம்பியருக்கு இந்தச் சின்ன உடல் போதாது. இரண்டு ஏஎம்சி சில்லுகளைக் கழற்றி 2.1 ஆக்கிவிடலாமா என்று யோசித்து வருகிறேன். கண்ணுக்கு அந்த வித்தியாசம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இரண்டு டார்ச்சும் பார்க்க ஒரே மாதிரி. கொல்லைக் கதவருகே இரண்டு ஆணியில் தொங்குகின்றன. மாறிப்போகக் கூடாது என்று அம்மா தன்னுடையதன் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டியிருக்கிறார். கட்டியவர், இருட்டில் நூல் நிறம் தெரியாது, தடவிப் பார்த்தால் முடிச்சு தெரிய வேண்டும் என்று சொல்லி மூன்று முடிச்சாகப் போட்டுவிட்டார்.